குமாஸ்தாவின் பல் உடைந்த விவரம்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணியும் உடம்பளவில் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எலி இரண்டும் இங்கேதானே இருக்கின்றன.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று நீ நினைக்கலாம். போனில் நான் ‘அந்த எலி’ என்று ஆரம்பித்த உடனே உன் அடுப்பில் ஏதோ பொங்கிவிடுகிறது. “அப்புறம் பேசறேன் அண்ணா” என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மேஜைமேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே அடுப்பை அணைத்துவிட்டு வந்து, உட்கார்ந்து, முழுவதையும் படி.

உன் மகள் வேலை கிடைத்த சந்தோஷத்தில் அந்தப் பெரிய கண்ணாடித் தொட்டியை வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறங்கியபோது நான் மீன் என்றுதான் நினைத்தேன். மீனாக இருந்தால் என்ன, ஒரு மூலையில் கிடக்கட்டும் என்று ஒரு பக்கத்தை நானே பிடித்து மாடிக்குத் தூக்கினேன். கூடத்தில் வைத்த பிறகுதான் உள்ளே தண்ணீர் இல்லை, காகிதத் துண்டும் மரச்சீவலும் முக்கால் தொட்டிக்கு நிரம்பிக் கிடக்கின்றன, அதற்குள்ளிருந்து இரண்டு தலைகள் என்னை எட்டிப் பார்க்கின்றன என்று தெரிந்தது. “என்னம்மா இது, எலியா?” என்றேன். “எலி இல்ல மாமா, ஜெர்பில். பாலைவனத்துல இருக்கறது” என்றாள். பாலைவனத்தில் இருந்தால் எலி எலி இல்லாமல் போய்விடுமா? ஒட்டகத்தின்மேல் ஏறி உட்கார்ந்தாலும் எலி எலிதான். அவளுக்கு அது கோபம். “ஹாஸ்டல்ல இதுங்கள வச்சுக்க விடமாட்டாங்க மாமா. அம்மாவுக்கு இதுங்களப் பாத்தாலே கை கால் உதறுது. எனக்கு வேற யாரு இருக்கா? ஒரு வாரம், மிஞ்சிப்போனா பத்து நாள்” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ஒரு நிமிஷம் யோசிக்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் உன் அண்ணி, “அதுக்கென்னடி, விட்டுட்டுப் போ” என்று சொல்லிவிட்டாள். அந்தப் பத்து நாள் எப்போதோ போய்விட்டது. மழைக்காலமும் அதன் பின்னாலேயே போய்விட்டது.

அவற்றுக்கு உன் மகள் வைத்த பெயர்கள் என் நாக்கில் நிற்கவில்லை. நானே வைத்துவிட்டேன். ஒன்று கல்லின்மேல் ஏறிப் பின்னங்காலில் நின்று, முன்னங்கைகளை வயிற்றின்மேல் கட்டிக்கொண்டு நாலு பக்கமும் பார்க்குமே தவிர ஒரு துரும்பை எடுத்துப்போடாது. அது அதிகாரி. இன்னொன்று காலையில் தோண்ட ஆரம்பித்தால் தோண்டிக்கொண்டே இருக்கும். தோண்டியதை மூடும். மூடியதைத் தோண்டும். அது குமாஸ்தா. இரண்டும் கொஞ்ச நேரம் தூங்கும், கொஞ்ச நேரம் விழிக்கும். பகல் இரவு என்று ஒரு முறை கிடையாது. நான் சாப்பாட்டுக் கிண்ணத்தை ஒரு மூலையில் ஒழுங்காக வைப்பேன். திரும்பிப் பார்த்தால் கிண்ணம் இருக்காது, புதைத்திருப்பார்கள். குளிப்பதற்கு ஒரு தட்டு நிறைய மணல் வைக்க வேண்டும். தண்ணீர் பக்கமே போகாமல் மணலில் புரண்டுவிட்டு, குளித்துவிட்ட களையோடு வெளியே வருகிறார்கள். பொழுதுக்கும் அட்டையைக் கடித்துத் துருவ வேண்டும், இல்லாவிட்டால் பல் நீளமாகிவிடுமாம். அதற்காக நான் கடைகடையாக ஏறி அட்டைப்பெட்டி கேட்டு, இந்தத் தெரு முழுக்க எனக்கு ‘அட்டை மாமா’ என்று பெயராகிவிட்டது. முப்பது வருஷம் லிஃப்ட் பரிசோதகராக இருந்தேன். என் கையெழுத்து இல்லாமல் இந்த ஊரில் ஒரு கட்டடத்திலும் ஒரு மனிதன் மேலே போக முடியாது. அப்படிப்பட்டவனை மளிகைக் கடைக்காரர் கைதட்டிக் கூப்பிட்டு, “அட்டை மாமா, சோப்புப் பெட்டி ரெண்டு வந்திருக்கு” என்கிறார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது கால் தட்டுவது. ஏதாவது விபரீதமாகச் சத்தம் கேட்டால் அதிகாரி பின்னங்காலால் தொட்டியின் தரையை டபடபவென்று தட்டி எல்லாருக்கும் அபாய அறிவிப்புக் கொடுப்பார். எங்கள் வீட்டுக்குக் கீழே இருப்பது பல் ஆஸ்பத்திரி என்பது உனக்குத் தெரியும். வீட்டுக்காரரே பல் டாக்டர். அவர் கீழே பல்லைக் குடையும் கருவியைப் போட்டால் அதிகாரிக்கு அது ஏதோ பெரிய பாம்பு சீறுவது போலக் கேட்கும் போலிருக்கிறது. கீழே ‘கிர்ர்’ என்றால் மேலே ‘டபடப’. டாக்டர் ஒருநாள் மாடியேறி வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு, “சார், மேல தச்சு வேலை ஏதாவது நடக்குதா? நான் பல்லுல கை வைக்கிற நேரம் பாத்து மேல தட்டுறாங்க. நாற்காலியில இருக்கறவர் துள்ளறார். அவர் துள்ளினா என் கை எங்க போகும்னு எனக்கே தெரியாது” என்றார். வீட்டில் விலங்கு எதுவும் வளர்க்கக் கூடாது என்று குடிவரும்போதே கண்டிப்பாகச் சொன்ன மனிதர். நான் என்ன செய்வேன், உன் அண்ணியின் தையல் மெஷின் பழசாகிவிட்டது, மிதிக்கும்போது அப்படிச் சத்தம் வருகிறது என்று சொல்லிவைத்தேன். அவர் நம்பிக்கொண்டு போனார். உள்ளே வந்தால் உன் அண்ணி கையில் கத்தரிக்கோலோடு நிற்கிறாள். “என் மெஷின் ஒரு சத்தம் போடாது. எண்ணெய் போட்டு எண்ணெய் போட்டு வச்சிருக்கேன். ஊர்ல இருக்கற எலிக்காக என் மெஷின் மேல ஏன் பழி போடறீங்க?” என்று கேட்டுவிட்டு அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. தொட்டியோடு மட்டும் பேசினாள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தொட்டியின் மேல் ஒரு வலை மூடி, அதற்கு இரண்டு கொக்கி. ஒரு கொக்கி லேசாக ஆடுகிறது என்று என் கண்ணில் பட்டது. ஆடுகிற எதையும் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. ஆகவே அதைக் கழற்றி, வளைத்து, கெட்டியாக மாட்டலாம் என்று உட்கார்ந்தேன். கொக்கி என் கையில் இருக்கிறது, திருப்புளி வாயில் இருக்கிறது, குமாஸ்தா என் முழங்கைமேல் இருக்கிறார். அங்கிருந்து தோள், தோளிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து தரை. நான் திருப்புளியைத் துப்பிவிட்டு எழுந்திருப்பதற்குள் கை கழுவும் தொட்டிக்கு அடியில், குழாய் கீழே இறங்குகிற ஓட்டையில், வாலின் நுனிக் குஞ்சம் மட்டும் தெரிந்தது. அதுவும் போய்விட்டது. அந்தக் குழாய் எங்கே இறங்குகிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் உன் அண்ணியைக் கூப்பிட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. துணி சுற்றி வரும் நீள அட்டைக் குழல் ஒன்றை மூலையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்து, “இதுக்குள்ள தானா ஏறும். ஓடுங்க” என்றாள். அந்தக் குழலைத் தோளில் வைத்துக்கொண்டு நான் பல் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது, காத்திருந்தவர்கள் எல்லாரும் வழிவிட்டு ஒதுங்கினார்கள். என்ன நினைத்தார்களோ தெரியாது.

உள்ளே நாற்காலியில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் சீருடையோடு படுத்திருக்கிறார். வாய் மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு கன்னத்திலும் பஞ்சு அடைத்திருக்கிறது. டாக்டர் முதுகைக் காட்டிக்கொண்டு கருவி எடுக்கிறார். குமாஸ்தா அந்தக் காவலரின் பூட்ஸ்மேல் நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். காவலர் அதைப் பார்த்துவிட்டார். எலி என்று சொல்ல வேண்டும், நாக்கு புரளவில்லை. “ஏ-இ” என்கிறார். டாக்டர் திரும்பாமலே, “வலிக்காதுங்க, மருந்து போட்டாச்சு” என்கிறார். “ஏ-இ, ஏ-இ” என்கிறார் காவலர். “ஏழாவது இல்லைங்க, எடுக்கப்போறது ஆறாவது. எனக்குத் தெரியாதா?” என்கிறார் டாக்டர். குமாஸ்தா முழங்கால் வரை ஏறிவந்தார். காவலருக்கு வேறு வழி தெரியவில்லை. பழக்க தோஷத்தில் வலது கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து, நில் என்று காட்டினார். ஊரில் லாரிகள் நிற்குமே, அந்தக் கை. நீ நம்பினால் நம்பு, குமாஸ்தா நின்றார். அந்த நேரம் பார்த்து நர்ஸ் உள்ளே வந்து, பார்த்து, முக்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டாள். ஏறும்போது கையிலிருந்த தட்டு விழுந்தது. சத்தத்தில் குமாஸ்தா கருவி வைக்கிற தள்ளுவண்டிக்குத் தாவினார்.

டாக்டர் திரும்பினார். என்னைப் பார்த்தார், குழலைப் பார்த்தார், குமாஸ்தாவைப் பார்த்தார். “தையல் மெஷினா சார்?” என்றார். அவர் ஒரு நீள இடுக்கியை எடுத்து வாலைப் பிடிக்கப் போனார். உன் மகள் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது அது ஒன்றுதான். வாலைப் பிடித்தால் தோல் உருவிக்கொண்டு வந்துவிடும். “வாலத் தொடாதீங்க டாக்டர்” என்று நான் போட்ட சத்தத்தில் அவர் இடுக்கியைக் கீழே போட்டார், குமாஸ்தா பயந்து குதித்தார், குதித்தவர் நாற்காலியை ஏற்றி இறக்குகிற இரும்பு மிதிகட்டைமேல் முகம் மோத விழுந்தார். ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அப்புறம் அசையவில்லை. அந்த அறையில் யாரும் அசையவில்லை. நான் தரையில் குப்புறப் படுத்து, குழலின் வாயை மெதுவாக அவர் பக்கம் தள்ளினேன். கொஞ்ச நேரம் கழித்து மீசை ஆடியது. எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல நடந்து குழலுக்குள் போனார். இரண்டு பக்கமும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நான் எழுந்தபோது டாக்டர் சொன்னார், குரலை உயர்த்தாமல்: “சார், இதுங்க இந்த வாரத்துக்குள்ள போகணும். இல்லன்னா நீங்க போகணும்.”

அன்று சாயங்காலம்தான் உனக்குப் போன் செய்தேன். உனக்கு அடுப்பில் பொங்கியது.

இந்த வயதில் வீடு தேடி எங்கே போவது, சொல். உன் அண்ணிக்குத் துணி தைக்கக் கொடுப்பவர்களெல்லாம் இந்தத் தெருக்காரர்கள். சரி, யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று தெரிந்தவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும்போது மறுநாள் குமாஸ்தா சாப்பிடவில்லை. விதையைக் கையில் எடுப்பார், வாயருகே கொண்டுபோவார், கீழே போடுவார். தோண்டவும் இல்லை. ஒரு மூலையில் உருண்டையாக உட்கார்ந்திருந்தார். அதிகாரி கல்லைவிட்டு இறங்கிவந்து அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டார். உன் அண்ணி இரண்டு கையையும் குவித்து அவரை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். “பாருங்க, மேல் பல்லு ஒண்ணு பாதிதான் இருக்கு” என்றாள். தெருக்கோடியில் இருக்கும் மாட்டு டாக்டர் வெளியூர் போயிருந்தார். நான் இன்னும் யாரைக் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, உன் அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“எங்க போற?”

“கீழ.”

“அந்த மனுஷன் நம்மளயே வெளிய போகச் சொல்லியிருக்கான்.”

“பல்லு உடைஞ்சா பல் டாக்டர்கிட்டதானே போகணும்?” என்று இறங்கிவிட்டாள். நான் தடுத்தேன் என்பதை நீ குறித்துக்கொள்ள வேண்டும். தடுத்துக்கொண்டே பின்னால் போனேன். அவள் மற்ற நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்து, தன் முறை வரும்வரை காத்திருந்து, உள்ளே போய்க் கையைத் திறந்து காட்டினாள்.

“அம்மா, நான் மனுஷங்களுக்குப் பாக்கறவன்” என்றார் டாக்டர்.

“மனுஷங்க எல்லாரையும் பாத்தாச்சு. வெளிய யாரும் இல்ல. இவனைப் பாருங்க.”

அவர் என்னை ஒரு முறை முறைத்தார். நான் சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைப் பார்த்தேன். பிறகு என்ன தோன்றியதோ, பூதக்கண்ணாடி வைத்த மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளக்கை இழுத்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. “மஞ்சளா இருக்கே. சுத்தம் பண்றதில்லயா?” என்றார். உன் அண்ணி, “அவங்களுக்கு அதுதான் நிறம் டாக்டர். அது பாட்டுக்கு வளந்துக்கிட்டே இருக்கும்” என்றாள். “வளந்துக்கிட்டேவா?” என்றார். “ஆயுசு பூரா.” அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். “மனுஷனுக்கு இப்படி இருந்தா எங்க பொழப்பு என்ன ஆகும்” என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். அப்புறம் சட்டென்று எழுந்து, “மேல ஒடைஞ்சதால கீழ இருக்கறது தேய ஆள் இல்லாம நீளும். வாய மூட முடியாது. வெட்டணும். ஆனா நான் தொடக்கூடாது, இது தெரிஞ்சவங்க செய்யற வேலை” என்று சொல்லி, ஆஸ்பத்திரியைப் பூட்டி, எங்கள் இரண்டு பேரையும் காரில் ஏற்றிக்கொண்டு ஊரின் மறுகோடியில் இருக்கும் பிராணிகள் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். குமாஸ்தா தனியாகப் போனால் வாசனை மாறிவிடும், திரும்பிவந்தால் இரண்டும் கடித்துக்கொள்ளும் என்று உன் மகள் சொன்னதால் அதிகாரியையும் ஒரு பெட்டியில் என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழி நெடுக அவர் என் தொடையின்மேல் அபாய அறிவிப்புக் கொடுத்துக்கொண்டே வந்தார்.

அங்கே இருந்த டாக்டரம்மாள் கீழ்ப்பல்லை ஒரு நொடியில் சரி செய்துவிட்டாள். மேலே உடைந்தது தானாக முளைத்துவிடும், அதுவரை விதை வேண்டாம், எல்லாம் மெத்தென்று கொடுங்கள் என்றாள். நம் டாக்டர் அவளிடம் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். வீட்டுக்கு வந்து ஊறவைத்த ஓட்ஸைக் கரண்டி நுனியில் வைத்து நீட்டியபோது குமாஸ்தா முதலில் முகர்ந்தார், பிறகு நக்கினார், பிறகு கரண்டியைப் பிடித்துக்கொண்டார். உன் அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். எனக்கும் கண்ணில் தூசி விழுந்தது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்துவிடாதே. என் கஷ்டமே அதற்குப் பிறகுதான். பல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு டாக்டர் தினமும் கிளினிக்கைச் சாத்தியதும் மேலே வந்துவிடுகிறார். வந்தால் என் நாற்காலி. என் டீ. நான் ஒரு விதை போட்டால், “சார், கொழுப்பு” என்று என் கையைத் தட்டிவிடுகிறார். வீட்டைக் காலி செய்யச் சொன்னதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. நாங்களே காலி செய்கிறோம் என்றாலும் விடமாட்டார் போலிருக்கிறது. குழாய் இறங்கும் ஓட்டையைத் தன் கையாலேயே அடைத்தார். அந்தக் காவலர் வேறு, கடைசிவரை எடுக்காமல் விட்ட ஆறாவது பல்லை எடுக்க வந்தவர், மேலே ஏறிவந்து குமாஸ்தாவை நலம் விசாரித்துவிட்டுப் போனார். கீழே காத்திருக்கிறவர்களுக்கெல்லாம் டாக்டர் எங்கள் வீட்டுத் தொட்டியின் கதையைச் சொல்ல, அவர்களும் ஒவ்வொருவராக மாடிப்படியேறி, “சார், ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறோம்” என்கிறார்கள். என் கூடத்தில் என் துண்டைப் போட எனக்கு இடம் இல்லை. இதில் ஒருநாள் டாக்டர் குமாஸ்தாவைப் பார்த்து முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றாமலே என் பக்கம் திரும்பி, “அப்படியே நீங்களும் வாயத் திறங்க சார்” என்றார். திறந்தேன். கடைவாயில் ஒன்றை உடனே எடுத்தாக வேண்டும் என்று கீழே கூட்டிப்போய் எடுத்தேவிட்டார். உன் மகளின் எலிக்குப் பல் முளைத்துவிட்டது. உன் அண்ணனுக்குப் பல் போய்விட்டது. இந்த வீட்டில் இதுவரை நடந்த நியாயம் இதுதான்.

ஆகவே தங்கச்சி, நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். உனக்கு எலி என்றால் பயம், ஒப்புக்கொள்கிறேன். எனக்கு என் நாற்காலி வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் நீயோ மாப்பிள்ளையோ வந்து இரண்டையும் தொட்டியோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும். சாக்குப்போக்கு எதையும் நான் கேட்பதாக இல்லை. இதுவே முடிவு.

வேறு விசேஷம் இல்லை. உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லாமல், பல்லெல்லாம் உறுதியாக இருந்து, நெடுநாள் நன்றாக இருக்க எங்கள் ஆசிகள். சொன்ன தேதிக்குள் வந்தால் ஆசி இன்னும் கொஞ்சம் கூடும். உன் அண்ணி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். அவள் தொட்டியருகே இருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
லிஃப்ட் பரிசோதகர் (ஓய்வு)

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு எழுதுவதால் இது பின்பக்கத்தில், பொடி எழுத்தில். தபால்காரர் படித்தாலும் பாதகமில்லை. கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பும்போது வாசலில் மாப்பிள்ளை ஒரு பெரிய பெட்டியோடு நிற்கிறார். நீ மனசு மாறி அனுப்பிவைத்தாயாம். முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? நான் பேசுவதற்குள் டாக்டர் படியில் இறங்கிவந்து, குமாஸ்தா இன்னும் சிகிச்சையில் இருப்பதாகவும், இப்போது இடம் மாற்றினால் தான் பொறுப்பில்லை என்றும், குறைந்தது ஒரு வருஷம் ஆகும் என்றும் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டார். அப்படியா என்று மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். படித்த டாக்டர் சொல்வதை நான் எப்படி மறுப்பது? ஆமாம் என்றேன். உள்ளே இருக்கும் கடிதத்தில் முதல் நாலு வரியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கிழித்துவிடு. மாப்பிள்ளைக்குக் கீழ்வரிசையில் ஒரு பல்லில் ஓட்டை இருக்கிறது, டாக்டர் வாசலிலேயே பார்த்துச் சொன்னார். வருகிற வியாழக்கிழமை அடைக்க வரச் சொல்லியிருக்கிறார். வரட்டும், சந்தோஷம். கையில் பெட்டி மட்டும் வேண்டாம் என்று சொல்.